அஞ்சாவது ரவுண்டு

தலைப்பைப் பார்த்ததும் சில பேர் சிரிச்சிருப்பீங்க. பரவாயில்லை. போன வருஷம் ஆகஸ்ட் மாசத்துல இருந்து அதுதான் என் பட்டப்பெயர். காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் நுழையும்போதே "இன்னாமே அஞ்சாவது ரவுண்டு, சாப்டியா?" என்று கேட்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது, அதற்குப் பிறகு நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஓடுகிறவர்கள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. கடைசி வரை படித்தால் ஏன் என்று தெரியும்.

போன வருஷம் குறுவட்டப் போட்டி. நான் பத்தாம் வகுப்பு. 1500 மீட்டர் ஓட்டம். அந்த மைதானத்தில் ஒரு ரவுண்டு 200 மீட்டர், அதாவது ஏழரை ரவுண்டு ஓட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு என்று சொன்ன ஓட்டம் பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பித்தது. ஆடி மாசம், காத்து அடிக்கும்னு பேரு. அன்னைக்கு ஒரு இலைகூட அசையல. நம்ம ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? வேலூரை வெயிலூர் என்று வெளியூர்க்காரர்களே கிண்டல் செய்கிறார்கள்.

முதல் மூன்று ரவுண்டு நான்தான் முதல். நாலாவது ரவுண்டில் தொடையில் யாரோ மணல் மூட்டை கட்டிவிட்ட மாதிரி ஆனது. காலைத் தூக்கினால் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் 'டங் டங்' என்று சத்தம். அஞ்சாவது ரவுண்டில் நின்றேன். நின்றது மட்டும் இல்லை, கோட்டைத் தாண்டி நிழலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மற்ற எல்லோரும் என்னைத் தாண்டி ஓடினார்கள். கைதட்டிக் கொண்டிருந்த எங்கள் ஸ்கூல் பிள்ளைகள் அமைதியானார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒருவர், "பொண்ணுங்களுக்கு மனசு உறுதி பத்தாது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானும் அதை நம்பினேன். நான் சோம்பேறி, எனக்குத் தைரியம் இல்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா, "உடம்புல சத்து இல்லடி. எனக்கும் பதினோரு மணிக்கு மேல அப்படித்தான் காலு கனக்கும், மாரு அடிச்சுக்கும். நம்ம உடம்பு வாகு அது" என்றார்கள்.

என் அம்மா பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் வரும்.

ஒரே டேங்க், இரண்டு குழாய்

பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் என்ற பாடம் உண்டு. செப்டம்பர் மாதம் அது நடந்தபோது, இதயம் நிமிஷத்துக்குச் சராசரியாக 72 முதல் 75 தடவை துடிக்கும் என்று மிஸ் சொன்னார்கள். நான் எழுந்து, "மிஸ், வெயில்ல ஓடுனா ஏன் அவ்ளோ வேகமா அடிக்குது? காலைல ஓடுனா அப்படி இல்லையே?" என்று கேட்டேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து போர்டில் ஒரு தண்ணீர் டேங்க் வரைந்தார்கள்.

"வீட்டு மாடியில டேங்க் இருக்கு. ரெண்டு குழாய். ஒண்ணு சமையலுக்கு, இன்னொண்ணு தோட்டத்துக்கு. ரெண்டையும் ஒரே நேரத்துல திறந்தா என்ன ஆகும்?"

"ரெண்டுலயும் மெதுவா வரும் மிஸ்."

"அதேதான் உன் கால்ல நடந்தது."

மிஸ் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் ஓடும்போது தசை எரிக்கிற சக்தியில் கால் பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாகப் போகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள, உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஓடினால் முகம் சிவக்கிறது. ஆனால் காலுக்கும் ஆக்சிஜன் வேண்டுமே? அதுவும் ரத்தத்தில்தான் போக வேண்டும். பெரியவர்கள் உடம்பிலேயே மொத்தம் சுமார் 5 லிட்டர் ரத்தம்தான். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது தோலுக்குக் கொஞ்சம் போதும். உச்சி வெயிலில் தோலும் கேட்கிறது, காலும் கேட்கிறது.

இதோடு வியர்வை வேறு. வியர்வைக்கான தண்ணீர் ரத்தத்தில் இருந்துதான் வருகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் உடம்பில் இருந்து சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அது நல்லதுதான். ஆனால் டேங்கில் தண்ணீர் குறைகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தமும் குறைகிறது. அதைச் சரிக்கட்ட இதயம் அதிக தடவை துடிக்கிறது. ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் சர்க்கரையும் வெயிலில் சீக்கிரம் கரைகிறது. உடம்பு சூடேறுவதைப் பார்த்து மூளையும் 'வேகத்தைக் குறை' என்கிறது. இது எல்லாம் சேர்ந்ததுதான் 'கால் கனக்குது' என்று நாம் சொல்வது.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா மிஸ்?"

"உன் இதயம் அன்னைக்கு டபுள் டியூட்டி பார்த்திருக்கு. சோம்பேறின்னு யாரு சொன்னது?"

அன்று நான் மதிய உணவைக் கூடுதலாகச் சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

என் நாடி நோட்டு

எதையும் சோதித்துப் பார் என்று அறிவியல் சொல்கிறது அல்லவா? பழைய கணக்கு நோட்டில் மீதி இருந்த பக்கங்களை எடுத்துக்கொண்டேன். ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் வேண்டாம். நொடி முள் உள்ள எந்தக் கடிகாரமும் போதும். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 10 நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி, 6-ஆல் பெருக்க வேண்டும். ஓடி நின்ற உடனே எண்ண வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் துடிப்பு இறங்கிவிடும்.

நம் மைதானத்தில் ஒரே தூரம், 2 கிலோமீட்டர். ஒரே வேகம். பி.இ.டி. சார் விசிலோடு நேரம் பார்த்தார். காலை ஆறு மணிக்கு ஓடியபோது 10 நொடிக்கு 25. அதாவது 150. இரண்டு நாள் கழித்து மாலை நாலு மணி வெயிலில் ஓடியபோது 29. அதாவது 174. ஒரே பொண்ணு, ஒரே கால், ஒரே தூரம். நிமிஷத்துக்கு 24 துடிப்பு வித்தியாசம்!

சார் நோட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை வருஷமா 'இன்னும் வேகமா'னு கத்திட்டேனே" என்று மட்டும் சொன்னார். (சார், இதை எழுதியதற்குக் கோபிக்காதீர்கள்.)

உங்களுக்குத் தெரியுமா?

வெயில் பெரிய வீரர்களையும் விடவில்லை. நூலகத்தில் படித்ததில் சில:

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசாரோ, வெயில் சுடாமல் இருக்க உடம்பில் மெழுகு பூசிக்கொண்டு ஓடினார். வியர்வை வெளியேற வழியில்லை. சுமார் 30 கிலோமீட்டரில் விழுந்தவர், மறுநாள் இறந்துபோனார்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். அதில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஸ்கீஸ், கடைசி 400 மீட்டரைத் தள்ளாடித் தள்ளாடிக் கடக்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. 37-வது இடம். இன்றும் அவரை உலகம் மறக்கவில்லை.

2019-ல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில், வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானை வெப்பம் காரணமாக சப்போரோ நகரத்துக்கே மாற்றிவிட்டார்கள்.

உலக வீராங்கனைகள் 28 பேர் பாதியில் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு மனசு உறுதி பத்தாது என்று யாராவது சொல்வார்களா?

சூளையில் ஒரு நாள்

பொதுத்தேர்வு முடிந்து மே மாசம் லீவு. கத்திரி வெயில். ஒரு நாள் அம்மா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். எடுத்துக்கொண்டு சூளைக்குப் போனேன். காலை பத்தரை மணி இருக்கும். அம்மா தலையில் சும்மாடு வைத்துப் பன்னிரண்டு கல் அடுக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். ஒரு கல் மூன்று கிலோ வரை இருக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கி வைத்ததும் கையைப் பிடித்தேன்.

"இன்னாடி பண்ற, கையைப் பிடிச்சிக்கினு? வேலை கெடக்குது."

"சும்மா இரும்மா, பத்து செகண்டு."

21. அதாவது 126. வீட்டில் காலையில் எண்ணியபோது 12 தான், 72. அம்மா ஓடவில்லை. நடந்துதான் வந்தார்கள். ஆனாலும் அவர்கள் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணியில் இருந்து.

"தண்ணி குடிச்சியாம்மா?"

"குடிச்சா ஒதுங்க எங்கடி போறது? சுத்தி ஆம்பளைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், போட்டி நடந்த அன்று நானும் காலையில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்கக் கூச்சம். குடிக்காமல் இருந்தால் போக வேண்டியதில்லை என்று நாங்கள் ஆறு பெண்களும் பேசி வைத்துக்கொண்டோம். இதை நான் சாரிடம் சொல்லவில்லை, மிஸ்ஸிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அம்மா சொன்ன உடம்பு வாகு இதுதான். டேங்கில் தண்ணீரே ஊற்றாமல் இரண்டு குழாயையும் திறந்து வைத்திருந்தோம், அம்மாவும் நானும்.

மிஸ் சொன்ன டேங்க் கதையை அன்று அம்மாவுக்கும், கூட வேலை செய்கிற அக்காக்களுக்கும் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு அத்தை தன் கையை நீட்டி, "எனக்கும் எண்ணு பாப்பா" என்றார்கள். அந்த வாரமே அவர்களாகவே நாலு கம்பு நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டி ஒரு மறைவு செய்துகொண்டார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அம்மா உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு பாட்டில் கொண்டுபோய்க் குடிக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நிழலில் உட்கார்ந்தால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அந்தச் செய்தி சூளை வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழகினால் வெயிலும் பழகும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன் சேர்ந்தேன். சாரும் மிஸ்ஸும் சேர்ந்து எனக்கு ஒரு திட்டம் போட்டார்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகுமாம். அதற்குள் ரத்தத்தில் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் வர ஆரம்பிக்கும், வியர்வையில் போகிற உப்பும் குறையும். முதல் நாள் மாலை வெயிலில் 15 நிமிஷம், மெதுவாக. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டினோம். சார் இல்லாமல் தனியாக ஓடக்கூடாது என்பது கண்டிப்பு.

தப்பும் செய்தேன். மூன்றாவது நாள், தண்ணீர் நல்லது என்று ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு ஓடி வாந்தி எடுத்தேன். ஆறாவது நாள், போன வருஷ ரோஷத்தில் வேகமாக ஓடினேன். அந்த வெயிலிலும் கை மயிர் சிலிர்த்துக் குளிர்கிற மாதிரி இருந்தது. தலை சுற்றியது. சார் விசில் ஊதி நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினார். "வெயில்ல குளுருச்சுனா உடம்பு எச்சரிக்கை கொடுக்குதுன்னு அர்த்தம். நிக்கிறது தோல்வி இல்ல. நிக்காம விழறதுதான் ஆபத்து" என்று கோபமாகச் சொன்னார். அஞ்சாவது ரவுண்டில் நின்றதற்காக நான் வெட்கப்பட்டதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பதினாலாவது நாள் அதே 2 கிலோமீட்டர், அதே வேகம், அதே நாலு மணி. 27. அதாவது 162. பழைய 174-ல் இருந்து 12 குறைந்திருந்தது. காலில் மூட்டை இருந்தது, ஆனால் சின்ன மூட்டை.

இந்த வருஷம்

இந்த ஆகஸ்டில் மறுபடியும் குறுவட்டம். மறுபடியும் தாமதம், மறுபடியும் வெயில். ஆனால் இந்தத் தடவை மிஸ் எங்களோடு வந்தார்கள். போன உடனே செய்த முதல் வேலை, கழிப்பறைச் சாவியைக் கேட்டு வாங்கியது. நாங்கள் ஆறு பேரும் தண்ணீர் குடித்தோம். ஓட்டம் ஆரம்பிக்கும் வரை மரத்தடியில் இருந்தேன். கழுத்தில் நனைத்த கர்ச்சீப்.

முதல் ரவுண்டில் நான் கடைசிக்கு முந்தின ஆள். கூட்டத்தில் யாரோ "அஞ்சாவது ரவுண்டு!" என்று கத்தினார்கள். நான் மூச்சைக் கவனித்து அதே வேகத்தில் போனேன். நாலாவது ரவுண்டில் கால் கனத்தது. பயப்படவில்லை, ஏன் கனக்கிறது என்று தெரியும். கொஞ்சம் அடியைச் சின்னதாக்கினேன். அஞ்சாவது ரவுண்டில் போன வருஷம் நான் உட்கார்ந்த அந்த வேப்ப மரம் வந்தது. தாண்டிப் போய்விட்டேன். ஆறாவது ரவுண்டில், வேகமாகக் கிளம்பிய இரண்டு பேர் தளர்ந்துவிட, அவர்களைத் தாண்டினேன்.

நாலாவது இடம். மெடல் இல்லை. மாவட்டப் போட்டிக்கும் தேர்வாகவில்லை. ஆனால் ஏழரை ரவுண்டும் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "பத்து செகண்டு இரு" என்றார்கள். எத்தனை என்று சரியாக எண்ணத் தெரியவில்லை. "நல்லாத்தான் அடிக்குது" என்று விட்டுவிட்டார்கள்.

தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்

1. வெயிலில் காலை நேர வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். பயிற்சியில் பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு வரி பேச முடிகிற வேகமே போதும்.

2. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ரொம்ப நேரம் வியர்த்தால் ஓ.ஆர்.எஸ். நல்லது. இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

3. தலை சுற்றல், வெயிலில் குளிர், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் உடனே நில்லுங்கள்.

4. ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். வியர்வை வருகிறதே என்று சும்மா இருக்காதீர்கள். வியர்த்தாலும் வரும். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கூடவே 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

5. ஓடாமலே நெஞ்சு படபடத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு வெயில் மேல் பழி போடாதீர்கள்.

6. தங்கைகளே, கழிப்பறைச் சாவியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் எனக்கு இந்தப் பட்டப்பெயர் வந்திருக்காது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வெயிலிலேயே நிற்கிறவர்களின் அருமை எப்போது தெரியும் என்று நான் இப்போது யோசிக்கிறேன். உங்கள் வீட்டிலும் வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். இன்று மாலை அவர்கள் வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பத்து நொடி கையைப் பிடித்துப் பாருங்கள். எத்தனை என்று நாளைக்கு என்னிடம் சொல்லுங்கள். நாடி நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.



— 'அஞ்சாவது ரவுண்டு',
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு